கோபைலட், கர்சர், கிளாட் கோட்: வேகம் சரி, வேலையில் ருசி இருக்கிறதா?

பெங்களூரில் பெல்லந்தூரிலிருந்து வைட்ஃபீல்டு வரை எந்த ஐடி கேன்டீனில் தமிழ்க் குரல் கேட்டாலும் இப்போது இரண்டு கேள்விகள்தான். "உங்க ஆபீஸ்ல எந்த டூலுக்கு லைசென்ஸ் குடுத்திருக்காங்க?" என்பது ஒன்று. "இன்னும் கோடு எழுதப் பிடிக்குதா?" என்பது இன்னொன்று. டூல் என்றால் கோடு எழுதித் தரும் ஏஐ டூல். முதல் கேள்விக்கு யூடியூபில் ஆயிரம் ஒப்பீடுகள் கிடக்கின்றன. இந்த விமர்சனம் இரண்டாவதைப் பற்றியது. மாலையில் லேப்டாப்பை மூடும்போது வேலை செய்த நிறைவு மிஞ்சுகிறதா, இல்லையா என்பதுதான் இங்கே அளவுகோல்.

கிட்ஹப் கோபைலட்டிலிருந்து தொடங்கலாம். 2021 ஜூனில் முன்னோட்டமாக வந்து, 2022 ஜூனில் மாதம் 10 டாலருக்கு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இப்போது அதிலும் ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ, வந்துவிட்டது. ஆனாலும் அதன் ஆதி வேலை, நீங்கள் தட்டச்சு செய்யும்போதே அடுத்த வரியைச் சாம்பல் நிறத்தில் காட்டுவது. மனதுக்கு மிகக் குறைந்த சேதம் இதில்தான், ஏனென்றால் யோசனை உங்களுடையதாகவே இருக்கிறது. விரலுக்குத்தான் ஓய்வு. தொல்லை எங்கே வருகிறதென்றால், கஷ்டமான ஒரு லூப்பை மனதில் கட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் பத்து வரி வந்து விழும். அதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் யோசனை கலைந்துவிடும். விஎஸ் கோடு என்ற எடிட்டரில், முழுவதையும் ஏற்கும் டேபுக்குப் பதில் கன்ட்ரோலையும் வலது அம்புக்குறியையும் (மேக்கில் கமாண்ட்) சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் வந்தால் எரிச்சலில் பாதி போய்விடும். புதிதாக ரஸ்ட்டோ கோவோ கற்கிறீர்களா? அந்த மொழிக்கு மட்டும் கோபைலட்டை அணைத்து வைக்கலாம். அணைத்தே வையுங்கள்.

கர்சர், விஎஸ் கோடிலிருந்து கிளை பிரிந்த எடிட்டர். மாதம் 20 டாலர். ஒரு ஃபீல்டின் பெயரை ஓரிடத்தில் மாற்றினால், அடுத்து எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று ஊகித்து டேபுக்கு டேப் தாவிக்கொண்டே போகும். ஒட்டடை அடிக்கிற இந்த மாதிரி வேலைக்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது. பில் மட்டும் கவனம்: மாதம் 500 கோரிக்கைகள் என்றிருந்த கணக்கை 2025 நடுவில் பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றினார்கள். பெரிய ஃபைல்களை ஏஜென்ட் திரும்பத் திரும்பப் படித்தால் இருப்பு கரையும். செட்டிங்ஸில் செலவு வரம்பைப் போட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

திருப்தி விஷயத்தில் உண்மையான சண்டை ஏஜென்ட்டுகளில்தான் தொடங்குகிறது. கிளாட் கோட் 2025 பிப்ரவரியில் முன்னோட்டமாகவும், மே மாதத்தில் முழுமையாகவும் வெளிவந்தது. டெர்மினலில் (கட்டளை தட்டும் கறுப்புத் திரை) உட்கார்ந்து ஃபைலைத் திறக்கும், எழுதும், கோடு சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டை ஓட்டும், தப்பானால் திரும்ப எழுதும். சமையல்காரராக இருந்தவர் இதோடு உப்பு பார்ப்பவராகிவிடுகிறார். உப்பு பார்ப்பதும் வேலைதான், ஆனால் அடுப்படி சந்தோஷம் அதில் இல்லை.

உப்பு பார்ப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரு பில்லிங் மாட்யூலை எடுத்துக்கொள்வோம். விலை 99.50 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம். விற்பவரும் வாங்குபவரும் பெங்களூரில் இருந்தால் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரியும். ஒவ்வொன்றும் 8.955. பைசாவுக்கு முழுமையாக்கினால் 8.96, இரண்டும் சேர்ந்து 17.92. வாங்குபவர் ஓசூரில் இருந்தால் மாநிலம் தாண்டிய விற்பனை. ஒரே வரியாக 18 சதவீதம், 17.91. இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட் இருக்கிறது, இரண்டும் சரி. "வரிக் கணக்கைச் சுத்தம் செய்" என்று ஏஜென்ட்டிடம் சொன்னால், ஒரே விலைக்கு இரண்டு தொகை வருவதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் பொதுவான ஒரு ஃபங்ஷன் எழுதி, உடையும் டெஸ்ட்டில் 17.92 என்பதை 17.91 ஆக்கிவிட்டு, எல்லாம் பச்சை என்று அறிக்கை கொடுக்க வாய்ப்பு உண்டு. டிஃபில் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசப் பட்டியல்) பார்த்தால் ஒற்றை இலக்க மாற்றம். அறுநூறு வரிக்கு நடுவில் அது கண்ணில் படாது.

ஆகவே சில ஏற்பாடுகள் கட்டாயம். தொடங்கும் முன் ஒரு கமிட், அதாவது திரும்பி வர வசதியாக இப்போதைய கோடைப் பதிந்து வைப்பது. டெஸ்ட் ஃபோல்டரில் கைவைக்க செட்டிங்ஸிலேயே அனுமதி மறுப்பு. வாயால் சொன்னால் மட்டும் போதாது, நாலு சுற்று கழித்து மறந்துவிடும். ஓசூர், பெங்களூர் மாதிரி கோடில் தெரியாத விதிகளை ரெப்போவின் (ப்ராஜெக்ட்டின் மொத்தக் கோடும் இருக்கும் இடம்) வேரில் வைக்கும் வழிகாட்டி ஃபைலில் எழுதுங்கள். ஒரு திரையில் அடங்கும் அளவுக்கு. புராணம் எழுதினால் முக்கியமானது அமுங்கிப் போகும். பிறகு ஷிஃப்ட்டும் டேபும் அழுத்தித் திட்ட நிலைக்குப் போய், ஃபைலைத் தொடாமல் திட்டத்தை மட்டும் கேளுங்கள். அந்தத் திட்டத்தோடு மல்லுக்கட்டுவதில்தான் பழைய ருசி கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. ஒரு வேலை முடிந்ததும் உரையாடலைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பழைய பேச்சின் மிச்சம் புதிய வேலையைக் கெடுக்கும். புதிதாக ஒரு பேக்கேஜை (வேறு யாரோ எழுதிவைத்த ரெடிமேட் கோடு) இன்ஸ்டால் செய்ய ஏஜென்ட் சொன்னால், அப்படி ஒன்று இருக்கிறதா, எவ்வளவு பழையது என்று பாருங்கள். ஏஐ மாடல்கள், உலகத்திலேயே இல்லாத பேக்கேஜின் பெயரைச் சொல்வதும், அதே பெயரில் யாரோ விஷம் வைத்த பேக்கேஜை ஏற்றி வைப்பதும் நடக்கக்கூடியவை.

அதிகம் பேசப்படாத இன்னொரு குறை காத்திருப்பு. ஏஜென்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். வேறு வேலை தொடங்கப் போதாத நேரம், சும்மா உட்காரவும் முடியாத நேரம். கை போனுக்குப் போகும். இதற்கு மருந்தாக மூன்று ஏஜென்ட்டுகளை ஒரே சமயத்தில் ஓட்டுகிறார்கள். அது மூன்று ஃபிரெஷர்களுக்கு ஒரே சமயத்தில் பதில் சொல்வது மாதிரி. மாலைக்குள் மண்டை காய்ந்துவிடும், கையில் எதுவும் செய்த நினைவு இருக்காது. ஒன்றே போதும். அது ஓடும் நேரத்தில் அதே வேலையின் டெஸ்ட்டை நீங்கள் கையால் எழுதுங்கள்.

வேகம் வருகிறதா என்பதிலேயே நம் உணர்வை நம்ப முடியாது. மெட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2025 ஜூலையில் வெளியிட்ட சோதனையில், அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் புரோகிராமர்கள் தங்களுக்கு நன்கு பழகிய ரெப்போக்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ அனுமதிக்கப்பட்ட வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. முடித்த பிறகும் அவர்கள் 20 சதவீதம் வேகமானதாக நம்பினார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகளில் செய்தது, இன்றைய மாடல்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அடுத்த சில வார வேலைக்கான நேர மதிப்பீட்டை (ஸ்பிரின்ட் எஸ்டிமேட்) "ஏஐ இருக்கே" என்று பாதியாக்கும் மேனேஜருக்குக் காட்ட நல்ல எண். அதே ஆண்டு, புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கருத்துக்கணிப்பில் ஏஐ டூல்களைப் பற்றி 66 சதவீதம் பேர் சொன்ன எரிச்சல், "கிட்டத்தட்ட சரி, ஆனால் முழுசாகச் சரியில்லை" என்பது. மேலே சொன்ன ஒரு பைசாதான் அது.

எங்கே சுகம்? யாரோ எழுதிவிட்டுப் போன பழைய பெர்ல் ஸ்கிரிப்ட்டைப் புரிந்துகொள்வதில், ஐம்பது ஃபைலில் லைப்ரரி வெர்ஷன் உயர்த்துவதில், ராத்திரி ஆன்கால் டியூட்டியில் சிஸ்டம் எழுதிவைத்த லாகைக் குடைவதில், இருபது நிமிட உபயோகத்துக்கு ஒரு சின்ன டூல் செய்வதில். இவை யாரும் ஆசைப்பட்டுச் செய்த வேலைகள் அல்ல. மனதுக்குப் பிடித்த டிசைன் வேலையைத் தூக்கி ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு இவற்றை வைத்துக்கொள்பவர்தான் சலிப்பு என்று புலம்புகிறார்.

புல் ரிக்வெஸ்ட் (கோடைச் சேர்க்கும் முன் இன்னொருவர் பார்க்க அனுப்பும் மாற்றம்) படிப்பவரின் பாடுதான் படுமோசம். எழுதுவது மலிந்துவிட்டது, படிப்பது மலியவில்லை. டீமில் 400 வரி வரம்பு வையுங்கள். எழுதியவர் தன் வார்த்தையில் நாலு வரி விளக்கம் எழுதாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஏஜென்ட் எழுதிய விளக்கம் கணக்கில் சேராது.

வாங்குவதானால்: ஃபிரெஷர்களுக்கு கோபைலட் போதும், அதுவும் பிழையை அரை மணி நேரம் தானே தேடிய பிறகு. ஃபிரன்ட்எண்ட் ஆட்களுக்கு கர்சர். டெஸ்ட் நன்றாக இருக்கும் ரெப்போவில், ஐந்தாறு வருட அனுபவக்காரர்களுக்கு கிளாட் கோட். டெஸ்ட்டே இல்லாத ரெப்போவா? முதல் மாதச் சந்தாவை, இப்போது கோடு என்ன செய்கிறதோ அதை அப்படியே பதிவு செய்யும் டெஸ்ட்டுகள் எழுதவே செலவழியுங்கள்.