‘100% வேலை உத்தரவாதம்’னு 59,000 ரூபாய் போச்சு: டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் சேரப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

நேத்து எனக்கு ‘பிளேஸ்மென்ட்’ கிடைச்சுது. 59,000 ரூபாய் கட்டி எங்க படிச்சேனோ அதே இன்ஸ்டிட்யூட்ல, அதே கோர்ஸை போன் பண்ணி விக்கிற டெலிகாலர் வேலை. மாசம் 8,000. ஒரு அட்மிஷன் பிடிச்சுக் குடுத்தா இன்சென்டிவ் தனியாம். வேண்டாம்னு சொன்னேன். உடனே ஒரு தாளை எடுத்து நீட்டி, ‘வேலை கொடுத்தோம், மாணவர் மறுத்துவிட்டார்’னு இருந்த இடத்துல கையெழுத்து கேட்டாங்க. அதுல போட்டுட்டா அவங்க உத்தரவாதம் முடிஞ்சுதாம், இனி நான் எதுவும் கேட்க முடியாதாம். போடாம எந்திரிச்சு வந்துட்டேன். இன்னும் ஆத்திரம் அடங்கலை. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

பேர் இப்போதைக்கு சொல்லப் போறதில்லை, புகார் போயிட்டு இருக்கு. கோயம்புத்தூர்ல, மாடியில, ஏசி போட்ட டிஜிட்டல் மார்க்கெட்டிங் டிரெய்னிங் சென்டர். கூடவே அவங்களே ஒரு ‘ஏஜென்சி’யும் நடத்துறாங்க. அந்த ‘கூடவே’தான் முக்கியம், கீழே வரும்.

நான் பி.காம். ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பார்த்துட்டு இருந்தேன், பாப்பா பிறந்ததும் விட்டுட்டேன். வீட்டுல இருந்தே எஸ்ஈஓ (கூகுள் தேடல்ல ஒரு சைட்டை மேலே கொண்டு வர்றது) வேலை பார்க்கலாம், மாசம் 25,000 வரும்னு ரீல்ஸ்ல பார்த்துதான் போனேன். கூகுள் ரிவ்யூ 4.9 ஸ்டார் இருந்துச்சு. அந்த ஸ்டார் எப்படி வந்துச்சுன்னு கோர்ஸ் கடைசியில தெரிஞ்சுது: அஞ்சு ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாத்தான் சர்டிஃபிகேட்.

கவுன்சிலிங் பண்ணினது அம்மா வயசுல ஒருத்தங்க. முதல்ல கோர்ஸ் பத்தியே பேசலை. பாப்பாவை யார் பார்த்துக்கறாங்க, பொள்ளாச்சியில இருந்து உக்கடம் வந்து மறுபடி டவுன் பஸ் மாறி வர்றது கஷ்டமாச்சே, மதியம் பேட்ச்ல போட்டுடட்டுமா கண்ணுன்னு கேட்டாங்க. அதுலயே பாதி கரைஞ்சுட்டேன். அப்புறம் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து மேலே இருந்து கீழே எழுதினாங்க. மூணு மாசம் கிளாஸ், ஒரு மாசம் இன்டர்ன்ஷிப், வேலையில சேர்ந்ததும் 18,000, ஒரு வருஷத்துல 40,000. 40,000-ஐச் சுத்தி ரெண்டு வட்டம். ‘எங்க பொண்ணு ஒருத்தி இப்ப பெங்களூர்ல இருக்கா, நீயே பேசு’ன்னு ஸ்பீக்கர்ல போன் போட்டாங்க. எதிர்ல ஒரு பொண்ணு ‘இங்க சேர்ந்ததாலதான் அக்கா நான் நல்லா இருக்கேன்’னு சொல்லுச்சு. அந்தக் குரலை இன்டர்ன்ஷிப் சமயத்துல டெலிகாலிங் ரூம்ல நேர்லயே கேட்டேன். பெங்களூரும் இல்லை, ஒண்ணும் இல்லை, பக்கத்து ரூம்.

பீஸ் 50,000, ஜிஎஸ்டி 18% சேர்த்து 59,000. ‘9,000 மட்டும் இப்பக் கட்டு, மீதி மாசம் 5,000 வீதம் பத்து மாசம், வட்டியே கிடையாது.’ 9,000-ஐ ஜிபேல அனுப்பினேன், ஒரு தனி ஆள் பேர்ல போச்சு. ‘ரெஜிஸ்டர் பண்ணணும், போனைக் குடு கண்ணு’ன்னு வாங்கி, பான் கார்டு, ஆதார், ஒரு செல்ஃபி, நாலஞ்சு ஓடிபி. அவங்க வாயில இருந்து வந்தது எல்லாம் ‘இன்ஸ்டால்மென்ட்’தான். கடன்ங்கிற பேச்சே இல்லை. ராத்திரி மெயில் பார்த்தா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோட லோன் அக்ரிமென்ட், 50,000 ரூபாய்க்கு, என் பேர்ல. என் அக்கவுண்ட்ல ஆட்டோ டெபிட்டும் போட்டாச்சு. காலையில கேட்டதுக்கு ‘அது சும்மா ஃபார்மாலிட்டி’ன்னாங்க.

கிளாஸ் லட்சணத்தையும் கேளுங்க. மெட்டா கீவேர்ட்ஸ்னு, வெப் பேஜ் கோடுல தேடல் வார்த்தைகளை எழுதி வைக்கற ஒரு டேக், அதை எப்படி நிரப்பறதுன்னு ஒரு முழு கிளாஸ். ரேங்கிங்க்கு அதைப் பார்க்கறதே இல்லைன்னு கூகுள் 2009-லயே சொல்லியாச்சு. அனலிட்டிக்ஸ்னு (சைட்டுக்கு யார் வர்றாங்க, என்ன பண்றாங்கன்னு காட்டற கூகுள் டூல்) காட்டின ஸ்லைடு எல்லாம் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ். அது 2023 ஜூலையில டேட்டா எடுக்கறதை நிறுத்திடுச்சு. இப்ப எல்லா இடத்துலயும் அதோட புது வெர்ஷன் ஜிஏ4-தான், எங்களுக்கு அதைத் திறந்து கூட காட்டலை. நானா தேடிப் போன ஒரு இன்டர்வியூல ‘ஜிஏ4-ல ஒரு ஈவென்ட் செட் பண்ணிக் காட்டுங்க’ன்னாங்க, முழிச்சுட்டு வந்தேன். லைவ் விளம்பரம் ஓட்டக் கத்துத் தர்றோம்னு சொன்னது யாரோ ஓட்டின விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட்டா முடிஞ்சுது. ‘கூகுள் சர்டிஃபிகேஷன்’னு பெருமையாப் போட்டிருந்தாங்களே, அது கூகுளோட ஸ்கில்ஷாப்ல யார் வேணும்னாலும் இலவசமா எழுதற பரீட்சை. வீட்டுல உட்கார்ந்து எழுதலாம், 80% எடுத்தா பாஸ், ஒரு வருஷம் செல்லும். 59,000-ல அதையும் ஒரு ஐட்டமா எழுதியிருந்தாங்க.

இதெல்லாம் கூட பொறுத்துக்கலாம். இன்டர்ன்ஷிப்லதான் முழுசும் புரிஞ்சுது.

அவங்க ஏஜென்சிக்கு ஒரு பாக்கு மட்டை தட்டு செய்யறவர் கிளையன்ட். சின்ன யூனிட், சொந்தமா மெஷின் போட்டு நடத்துறார். அவருக்குப் போன இன்வாய்ஸ் ஒரு நாள் ஷேர் ஃபோல்டர்ல கண்ணுல பட்டுச்சு: எஸ்ஈஓ பேக்கேஜ், 30 கீவேர்ட் (ஜனங்க கூகுள்ல தேடற வார்த்தை), மாசம் 100 பேக்லிங்க் (வேற சைட்கள்ல இருந்து அவர் சைட்டுக்குப் போடற லிங்க்), 18,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்த 100 பேக்லிங்க்கைப் போட்டது யாரு? நாங்க. ஒரு எக்செல் ஷீட்ல டைரக்டரி சைட் பேரா வரிசையா இருக்கும். புதுசு புதுசா ஜிமெயில் ஐடி ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணுலயும் போய் அதே ரெண்டு வரியை ஒட்டிட்டு வரணும். அதுல பாதி சைட் திறக்கவே திறக்காது, திறக்கறதுல சூதாட்ட விளம்பரமா ஓடும். ரேங்கிங்க்காக இப்படி லிங்க் குவிக்கறதை கூகுள் ஸ்பேம்னு சொல்லுது, 2012-ல பென்குயின் அப்டேட் விட்டதே இதுக்காகத்தான். பாவம், பழி விழுந்தா அவர் சைட்டு மேல விழும்.

கீவேர்ட் எப்படித் தேர்ந்தெடுத்திருந்தாங்கன்னு பார்த்தா சிரிப்பீங்க. ‘பெஸ்ட் குவாலிட்டி ஈக்கோ ஃப்ரெண்ட்லி அரேகா ரவுண்ட் பிளேட் சப்ளையர் நியர் பொள்ளாச்சி மெயின் ரோடு.’ இதை உலகத்துல யாராவது டைப் பண்ணுவாங்களா? யாரும் தேடாததுக்குப் போட்டியும் கிடையாது, தானா முதல் இடம் வந்துடும். ரிப்போர்ட்ல ‘ரேங்க் 1, ரேங்க் 1, ரேங்க் 1’னு பச்சைக் கலர்ல அடிச்சு அனுப்பிடுவாங்க. அதே ஷீட்ல பக்கத்துலயே, சர்ச் கன்சோல்ல (சைட் தேடல்ல எப்படித் தெரியுதுன்னு கூகுள் காட்டற டூல்) இருந்து எடுத்த இம்ப்ரெஷன்னு ஒரு நெடுவரிசை இருக்கும், அதாவது எத்தனை தடவை யாரோட தேடல்ல தெரிஞ்சுதுன்னு. அதுல 0, 2, 0, 1. கிளையன்ட்டுக்கு அனுப்பும் முன்னாடி அந்த நெடுவரிசையை ரைட் கிளிக் பண்ணி மறைச்சுடணும். எப்படி மறைக்கறதுன்னு டீம் லீடர் என் மவுஸைப் பிடிச்சே காட்டினார். மொத்த நாலு மாசத்துல கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான்.

அந்தத் தட்டு யூனிட்காரர் ஒரு தடவை ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டார். ‘ஏம்மா, எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்னு ரிப்போர்ட் வருது, ஒரு என்கொயரி கூட வரலைங்களே?’ ‘எஸ்ஈஓ-வுக்கு டைம் எடுக்கும் சார், ஆறு மாசம் பொறுங்க’ன்னு சொல்லச் சொன்னாங்க. இதுல கொடுமை என்னன்னா, அது பொய்யும் இல்லை. பலன் தெரிய நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னு கூகுளே சொல்லுது. அதே கூகுள், முதல் இடம்னு யாராலயும் உத்தரவாதம் தர முடியாது, தர்றேன்னு சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதைன்னும் எழுதியிருக்கு. முன்னதை மட்டும் எடுத்துக்கிட்டு பின்னதை விட்டுட்டாங்க.

ஆக, அவர்கிட்ட மாசம் 18,000. எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் 59,000. வேலைக்குன்னு எங்க யாருக்கும் பத்து பைசா சம்பளம் இல்லை. படிக்க வந்தவங்களே கூலியில்லா ஆளு, ஆளு குறையறப்ப டெலிகாலர்களை விட்டு அடுத்த பேட்ச். அந்த டெலிகாலர் சீட்டுக்குத்தான் நேத்து என்னைக் கூப்பிட்டாங்க.

பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்க ஆரம்பிச்சதுல இருந்து நான் ‘கண்ணு’ இல்லை, ‘மேடம்’. கவுன்சிலர் மேடம் ‘நான் அட்மிஷன் மட்டும்தான், பிளேஸ்மென்ட் செல்லைக் கேளுங்க’ன்னாங்க. பிளேஸ்மென்ட் செல்லுங்கறது ஒரு வாட்ஸ்அப் நம்பர். ‘ரெஸ்யூமே அப்டேட் பண்ணுங்க மேடம்’, ‘மார்க்கெட் டல்லா இருக்கு மேடம்’, ‘கமிங் வீக் ஒரு டிரைவ் இருக்கு மேடம்’. அந்தக் கமிங் வீக் வரவே இல்லை. பேட்ச் குரூப்ல ஒருத்தன் ‘யாருக்காவது வேலை கிடைச்சுதா?’ன்னு கேட்டான், அஞ்சு நிமிஷத்துல குரூப்ல அட்மின் மட்டும்தான் பேச முடியும்னு மாத்திட்டாங்க. அவனைத் தூக்கியும் விட்டாங்க. டைரக்டரைப் பார்க்கணும்னா ‘சார் சென்னையில மீட்டிங்’. சாரோட இன்ஸ்டாகிராம்ல பார்த்தா சார் ஊட்டியில. கடைசியா ரசீதோட பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க, எறும்பு சைஸ்ல ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’. அதே ரசீதோட முன்பக்கத்துல ஜிஎஸ்டி நம்பரே இல்லை. அப்ப ஜிஎஸ்டின்னு வாங்கின 9,000 எங்க போச்சுன்னு கேட்டேன். ‘ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்றோம்’. நானே அக்கவுண்ட்ஸ் பார்த்தவ, என்கிட்டயேவா.

ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டா அது ஒரு தனிக் கதை. ‘நாங்க இன்ஸ்டிட்யூட்டுக்குப் பணம் குடுத்தாச்சு, கிளாஸ் நல்லா இருந்துச்சா இல்லையாங்கறது உங்களுக்கும் அவங்களுக்கும். ஈஎம்ஐ பவுன்ஸ் ஆனா சிபில் அடிபடும்.’ அதனால இப்பவும் மாசம் 5,000 போயிட்டுத்தான் இருக்கு. 59,000-ம் முழுசா போய்த்தான் தீரும், நடுவுல ஏதாவது நடந்தா ஒழிய. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கலை. மாமியார்தான் பாப்பாவைப் பார்த்துக்கிட்டாங்க, அவங்க முகத்தைத்தான் பார்க்க முடியலை.

என்னென்ன பார்த்துச் சேரணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். பாப்பா எந்திரிச்சுட்டா, வேகமா சொல்லிடறேன்.

யார்கிட்டயும் போனைக் கையில குடுக்காதீங்க, ஓடிபி சொல்லாதீங்க. பீஸை மாசா மாசம் நேரா வாங்கிக்க மாட்டேன், இந்த ஆப்லதான் போடணும்னு சொன்னா அது கடன்.

ஆன்லைன்ல இப்படிக் கடன் போட்டா, ரிசர்வ் வங்கி விதிப்படி வட்டி, கட்டணம் எல்லாம் போட்ட கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்டை முன்னாடியே தரணும். கூலிங்-ஆஃப்னு கொஞ்சம் அவகாசமும் உண்டு. அதுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளியே வந்துடலாம். ‘ஃபார்மாலிட்டி’ன்னு அவங்க சொன்ன அந்தக் காலையில எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

வேலை உத்தரவாதம்னா எந்த வேலை, குறைஞ்சது எவ்வளவு சம்பளம், எத்தனை நாளுக்குள்ள, இல்லைன்னா பணம் திரும்ப வருமா, நாலும் லெட்டர்ஹெட்ல கேளுங்க. வெள்ளைத் தாள்ல வட்டம் போட்டா வெளியே வந்துடுங்க.

கூகுளோட எஸ்ஈஓ ஸ்டார்ட்டர் கைடும் ஸ்கில்ஷாப்பும் சும்மாவே கிடைக்குது. ஒரு மாசம் அதைப் படிச்சுட்டு, அப்புறமும் கிளாஸ் வேணும்னு தோணினா போங்க. சம்பளமும், நான் போய்க் கேட்ட இடங்கள்ல புதுசா வர்றவங்களுக்கு 10,000-ல இருந்து 15,000 வரைக்கும்தான் சொன்னாங்க, 40,000 எல்லாம் கனவு.

கடை, யூனிட் வச்சிருக்கறவங்களுக்கும் ஒண்ணு: ரிப்போர்ட்டை நம்பாதீங்க, சர்ச் கன்சோலை உங்க சொந்த ஜிமெயில்ல ஓனரா போடச் சொல்லி நீங்களே இம்ப்ரெஷனைப் பாருங்க. அதுவும் இலவசம்தான்.

நான் 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் பண்ணிப் புகார் பதிஞ்சுட்டேன். அதுல சரியா வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதில ஆன்லைன்லயே போடலாமாம். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்துல புகார் மெயில் போயாச்சு. 30 நாள்ல ஒழுங்கா பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதான் குறைதீர்க்கும் அதிகாரி.

கமென்ட்ல ‘அந்த இன்ஸ்டிட்யூட்டா?’ன்னு பேர் போட்டுக் கேட்காதீங்க, டெலீட் பண்ணிடுவேன். மாசம் 5,000, 59,000, 8,000 டெலிகாலர் ஆஃபர், இந்த மூணும் உங்களுக்கும் நடந்திருந்தா ரசீதோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புங்க. நாலு பேர் சேர்ந்து போட்டா மனு வெயிட்டா இருக்கும்னு தெரிஞ்ச வக்கீல் சொல்றார். அந்தக் குரூப்ல இருந்து தூக்கப்பட்ட தம்பி இதைப் படிச்சா முதல்ல நீ மெசேஜ் பண்ணு, உன் நம்பர் என்கிட்ட இல்லை.