அத்தை எப்படிப் பேச்சை மாற்றினாள்?

நண்பர் ஒருவரின் சிறுகதையை மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். கல்யாண வீட்டுப் பந்தி. மாப்பிள்ளைக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும்தான் தெரியும். எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், “தம்பி இப்ப எந்தக் கம்பெனியில இருக்காப்ல?” என்று கேட்கிறார். ரச வாளியோடு வரும் அத்தை, “அண்ணே, ரசம் சூடா இருக்கு, சாதத்துல குழி பண்ணுங்க” என்கிறாள். அவர் குனிந்து குழி பண்ணுகிறார். கேள்வி அந்தக் குழியோடு போயிற்று.

அடுத்த வரி: “அத்தை சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றினாள்.”

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் அத்தையை வேறு ஆளாக்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக நிற்கக்கூடிய சொற்களை ஒவ்வொன்றாக அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன்.

சாமர்த்தியம் என்றால் அடிப்படையில் திறமை, வல்லமை. நம் பேச்சில் அந்தத் திறமையின் பலன் பெரும்பாலும் செய்தவருக்கே போகும். சாமர்த்தியமாகப் பேசி விலையைக் குறைப்போம். திருடன் சாமர்த்தியமாக நழுவுவான். “அது உன் சாமர்த்தியம்” என்பதில் பாராட்டோடு கொஞ்சம் எச்சரிக்கையும் இருக்கும். அத்தைக்கு அந்த இடத்தில் சொந்த லாபம் எதுவும் இல்லை. அவள் காப்பாற்றியது இன்னொருவரின் முகத்தை. அதனால் முதலில் அடிபட வேண்டிய சொல் இதுதான்.

சாதுரியமாக? இது சொல்லை அடுக்கும் கெட்டிக்காரத்தனம். இதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குப் பகை அரசன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை சொல்கிறார்: இவை மயில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த அரண்மனையில் இருக்கின்றன; அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. மேலே கேட்டால் தொண்டைமானின் ஆயுதங்களுக்குப் புகழ்ச்சி. உள்ளே, உன் வேல்கள் போரையே பார்த்ததில்லை என்ற செய்தி. ஒரு கடுஞ்சொல் கூடக் கிடையாது. இதை ‘நாசூக்காக எச்சரித்தார்’ என்று எழுதினால் பாட்டு நீர்த்துப்போகும். கேட்டவனுக்குச் சுருக்கென்று தைக்கத்தான் வேண்டும். ஆனால் கோபித்துக்கொள்ள அவனுக்கு இடம் கிடைக்கக் கூடாது. சாதுரியம் என்பது அது. ரச வாளி தூக்கிய அத்தை யாரையும் தைக்கவில்லை.

நாசூக்கு பாரசீகத்திலிருந்து வந்தது. மெல்லியது, சட்டென்று சேதமாகிவிடக்கூடியது என்று பொருள். தமிழில் இதன் பழக்கமான ஜோடி ‘மறுப்பது’. அழைப்பை நாசூக்காக மறுப்போம், கடன் கேட்டவரிடம் நாசூக்காகக் கை விரிப்போம். சிக்கலான ஒன்றைத் தொடாமல் தொட்டு விலகும் செயலுக்கு இது சரி. அத்தைக்கும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் நாசூக்கில் ஒரு வரவேற்பறை வாசனை உண்டு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பரிமாறுகிறவளுக்கு அது ஒட்டவில்லை. இது என் காது சொல்வது; வேறு ஊர்க் காது வேறு மாதிரி சொல்லலாம்.

பக்குவமாக என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். வெந்தது, கனிந்தது என்பது அதன் வேர்ப்பொருள். அதிரசத்துக்குப் பாகு வைப்பவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார். உருண்டால்தான் மாவைச் சேர்ப்பார். பக்குவமாகச் சொல்கிறவரும் அப்படித்தான், கேட்பவரின் மனம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறார். வெளியூரில் இருக்கும் மகனிடம், “அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, உடனே கிளம்பி வா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் வந்து சேர்வதற்குள் வாசலில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள ஒரு சித்தப்பாவை ஏற்பாடு செய்கிறோமே, அது பக்குவம். இதற்கு நேரம் வேண்டும், அடுப்பில் பாகு காய்கிற மாதிரி. அத்தைக்குக் கிடைத்தது ஒரு கரண்டி ரசம் ஊற்றும் நேரம்.

அந்த அவசரத்துக்குச் சமயோசிதமாக என்ற சொல் உண்டு. பத்திரிகைகளில் பேருந்து ஓட்டுநர்கள் சமயோசிதமாகச் செயல்பட்டுப் பயணிகளைக் காப்பாற்றுவார்கள். சமயத்துக்கு உசிதமானது என்று பொருள் சரியாகவே வருகிறது, ஆனால் பந்தியில் விபத்துச் செய்தியின் ஓசை கேட்கிறது. விவேகமாக என்பது முடிவெடுப்பதற்கு உரியது, பேச்சுக்கு அல்ல. சூசகமாக வேண்டவே வேண்டாம். அத்தை எதையும் கோடிகாட்டவில்லை.

கடைசியாக, இங்கிதமாக. இங்கிதம் என்றால் குறிப்பு, உள்ளத்தில் இருப்பதை வெளியே காட்டும் முகமோ அசைவோ. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொள்ளத் தெரிவதற்கும் அதே பெயர் வந்துவிட்டது. குறளில் ‘குறிப்பறிதல்’ என்று இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. கம்பனில், இலங்கையிலிருந்து திரும்பும் அனுமன் வாய் திறப்பதற்கு முன்பே சீதை இருக்கும் தென்திசையை நோக்கி வணங்குகிறான். அந்தச் செயலைப் பார்த்தே, அவளைக் கண்டுவிட்டான், அவள் நலமாக இருக்கிறாள் என்று இராமன் தெரிந்துகொள்கிறான். இன்று நாம் இந்தச் சொல்லை அதிகமும் திட்டுவதற்கே எடுக்கிறோம்: “இங்கிதம் தெரியாத மனுஷன்.” இருப்பதைவிட இல்லாததுதான் கண்ணில் படும்போல. அத்தைக்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. மாப்பிள்ளையின் முகம் வாடியதை அவள்தான் பார்த்தாள்.

சரி, அதையே போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தபோது வேறொன்று தோன்றியது. ‘ஆக’ ஒட்டிய சொல் இல்லாமலேயே தமிழ் இந்த வேலையைச் செய்துவிடும். மனம் நோகாமல் சொன்னாள். பட்டும் படாமலும் பேசினான். பதம் பார்த்துக் கேட்டான். அரசனிடம் பழகும் விதத்தைச் சொல்லும் 691ஆம் குறளும் ‘அகலாது அணுகாது’ என்று இரண்டு எச்சங்களாலேயே சொல்லிவிடுகிறது; குளிர் காய்கிறவன் நெருப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்படியே கண்ணில் தெரிகிறது. இங்கிதமாக என்பது செயலுக்கு மதிப்பெண் போடுகிறது. இந்த எச்சங்கள் செயலையே காட்டுகின்றன.

அதனால் ஓரத்தில் இப்படி எழுதி அனுப்பினேன்: “அத்தை மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.” இதை ரசத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். பேச்சை மாற்றினாள் என்று அப்புறம் சொல்லவே வேண்டாம்.

நண்பர் ஒப்புக்கொண்டார். ஆனால் ‘இங்கிதமாக’ என்ற சொல்லை விட அவருக்கு மனமில்லை. திருத்திய பிரதியில் அது கடைசிப் பத்திக்குப் போயிருந்தது. கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளையும் அந்தப் பெரியவரும் தனியாக நிற்கிறார்கள். பெரியவர் துண்டை எடுத்து நீட்டி, “ரசம் பிரமாதம், இல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு, இங்கிதமாக நகர்ந்துபோகிறார்.