எங்கள் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்: இரண்டு வருட அனுபவம்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, சுகர் லேண்டில் எங்கள் குடியிருப்பு. நடுவில் ஒன்பது ஏக்கர் ஏரி, சுற்றிலும் 62 வீடுகள். மழைத் தண்ணீர் தேங்குவதற்காக வெட்டிய ஏரி இது. வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கித்தான் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். 2017இல் ஹார்வி புயல் வந்தபோது இந்தப் பக்கத்து வீடுகள் எப்படித் தப்பின என்று பார்த்தவர்களுக்கு இந்த ஏரி அழகுக்கு மட்டும் இல்லை என்பது தெரியும்.

நான்கு வருடமாக ஏரிக் குழுவில் இருக்கிறேன். இப்போது ஏரியைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் நாங்கள் அமர்த்திய இரண்டாவது நிறுவனம். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு ஆட்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். எதைப் பார்த்து அமர்த்த வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதல் நிறுவனத்தை ஏன் விட்டோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடம் முன்பு ஆகஸ்ட் மாதம், ஏரி முழுக்கப் பாசி படர்ந்து கிடந்தது. அவர்கள் ஒரே காலையில் ஏரி முழுவதும் மயில்துத்தம் கலந்த மருந்தை அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மேகமூட்டம். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு நடக்கப் போனேன். மீன்கள் கரையோரம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் மன்னார்குடியில் ஹரித்ரா நதி என்ற கோயில் குளத்தின் கரையில் வளர்ந்தவள். மீன் இப்படி வாய் பிளந்தால் தண்ணீரில் மூச்சுக் காற்று இல்லை என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எட்டு மணிக்குள் பெரிய பாஸ் மீன்கள், முழங்கை நீளக் கெளுத்திகள் எல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேர் குப்பைப் பைகளோடு இறங்கி மதியம் வரை அள்ளினோம். அந்த நாற்றத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்கிறது. வெயில் இல்லாததால் மிச்சமிருந்த பாசியும் புதிதாக ஆக்சிஜன் தரவில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாகத்தான் நிற்கும். அதனால்தான் அந்த மருந்தின் லேபிளிலேயே ஒரு தடவைக்குப் பாதி ஏரிக்கு மேல் அடிக்காதே, அடுத்த பகுதிக்குப் பத்துப் பதினான்கு நாள் பொறு என்று போட்டிருக்கிறது. அதை அன்றைக்குப் பிறகுதான் நான் படித்தேன். அவர்கள் முன்பே படித்திருக்க வேண்டும்.

சரி, இப்போதைய நிறுவனத்துக்கு வருகிறேன்.

விலை கேட்டு மூன்று நிறுவனங்களுக்கு எழுதினோம். இரண்டு பேர் படத்தைப் பார்த்தே விலை சொன்னார்கள். இவர்கள் மட்டும் ஒரு ஆளை விடியுமுன் அனுப்பினார்கள். இருட்டிலேயே சின்னப் படகில் போய் மேலே, நடுவில், அடியில் என்று ஆக்சிஜனை அளந்தார். மேலே லிட்டருக்கு நான்கு மில்லிகிராம், எட்டடி ஆழத்தில் ஒன்றுகூட இல்லை. மீனுக்கு ஐந்தாவது வேண்டும். பகலில் பாசி வெயிலில் ஆக்சிஜன் தருவதால், அப்போது வந்து அளப்பவர்களுக்கு மேல் தண்ணீரின் இந்த எண் கிடைக்காது.

எங்கள் குழுவில் பலர் பாசியைத் தின்னப் புல் கெண்டை மீனை விடச் சொன்னார்கள். நம் ஊரில் கட்லா, ரோகுவோடு குளத்தில் விடுகிறார்களே, அதே மீன்தான். டெக்சஸில் இனப்பெருக்கம் செய்ய முடியாத வகையைத்தான் விடலாம், அதற்கும் மாநில வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். ஆக்சிஜன் அளக்க வந்த இளைஞர் தண்ணீரிலிருந்து ஒரு கை பாசியை அள்ளிக் காட்டி, "புல் கெண்டை தண்ணீருக்குள் வளரும் செடியைத் தின்னும். உங்களுக்கு இருப்பது நூல் பாசி. இதை அது விரும்பித் தின்னாது. உங்களிடம் நான் மீன் விற்றால் அடுத்த வருடம் திட்டுவீர்கள்" என்றார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு மீன் கணக்கெடுப்பு. மின்சாரப் படகில் வந்து தண்ணீரில் லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். மயங்கி மேலே வந்த மீன்களை வலையில் எடுத்து, அளந்து, நிறுத்து, திரும்ப விட்டார்கள். பாஸ் மீன்கள் பெரும்பாலும் 11, 12 அங்குலம். தலை பெரிது, உடம்பு ஒல்லி. பட்டினி கிடக்கும் மீன்கள். காரணம் நாங்கள்தான். பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டால் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாஸ் ஒரு பவுண்டு எடை போட ஏறத்தாழ பத்துப் பவுண்டு இரை வேண்டுமாம். சின்ன பாஸ்கள் கூட்டம் சேர்ந்து புளூகில் என்ற இரை மீனின் குஞ்சுகளையெல்லாம் தின்றுவிட்டால் எதுவும் வளராது. 13 அங்குலத்துக்குக் குறைந்த பாஸை எடுத்துச் சாப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறோம். குழம்பில் உடைந்துபோகிறது, மிளகாய்த்தூள் தடவி வறுத்தால் நன்றாக இருக்கிறது. இந்த மார்ச் கணக்கெடுப்பில் 16 அங்குல மீன்கள் கிடைத்தன, வயிறு உருண்டையாக.

பணத்தைப் பெரிதாக விழுங்கியது ஏரேட்டர், அதாவது தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் கருவிதான். நடுவில் இருந்த நீரூற்று பார்க்க அழகு. ஆனால் மேல் தண்ணீரை மட்டும்தான் கலக்கும். இவர்கள் கரையில் கம்ப்ரஸரை வைத்து, குழாய் வழியே ஏரியின் அடியில் ஆறு இடத்தில் காற்றுக் குமிழி விடுகிறார்கள். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் ஓடவிட்டார்கள், மறுநாள் ஒரு மணி, அப்புறம் இரண்டு. எடுத்தவுடன் நாள் முழுக்க ஓடவிட்டால் அடியில் கிடக்கும் கெட்ட தண்ணீர் ஒரேயடியாக மேலே வந்து மீனைக் கொன்றுவிடும். இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது. பாசி இன்னும் வருகிறது, ஆனால் ஓரங்களில் மட்டும். அதையும் பகுதி பகுதியாகத்தான் மருந்தடிக்கிறார்கள்.

மற்ற பிராணிகள் விஷயத்தில் அவர்கள் வேலை பாதி நல்லது, பாதி போதாது. நியூட்ரியா என்று தென் அமெரிக்காவிலிருந்து வந்த பெரிய தண்ணீர் எலி இங்கே உண்டு; பூனையைவிடப் பெரிது, ஆரஞ்சு நிறப் பல். கரையைக் குடைந்து வளை போடும். எங்கள் நடைபாதை ஓரம் ஒரு இடம் அப்படியே உள்ளே போய், ஒரு பையனின் சைக்கிள் சக்கரம் இறங்கிவிட்டது. புகார் கொடுத்து ஆறு வாரம் கழித்துத்தான் கூண்டு வைத்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம். ஏழு பிடிபட்டன. வளைகளைக் களிமண்ணும் கல்லும் போட்டு நன்றாகவே அடைத்தார்கள். ஆனால் ஆறு வாரம் என்பது அதிகம்.

முதலை வந்தபோது நேர்மையாக நடந்துகொண்டார்கள். போன ஏப்ரலில் ஐந்தடி அலிகேட்டர் ஒன்று கரையில் வெயில் காய்ந்தது. "எங்களுக்கு இதில் கைவைக்க உரிமை இல்லை" என்று சொல்லி வனவிலங்குத் துறைக்குப் பேசச் சொன்னார்கள். துறையின் உரிமம் பெற்றவர் வந்து பிடித்துப் போனார். யாரோ அதற்குக் கோழித் துண்டு போட்டுப் பழக்கியிருந்தார்கள். டெக்சஸில் அது சட்டப்படி குற்றம்; தீனி போட்டவுடன் முதலைக்கு மனிதர் மேல் பயம் போய்விடும்.

தீனி என்றதும் எனக்கு மனம் கனக்கிறது. கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். என் பேத்தியோடு நானே மஸ்கோவி வாத்துகளுக்கு ரொட்டி போட்டிருக்கிறேன். எட்டு வாத்து நாற்பது ஆனது. எச்சமெல்லாம் தண்ணீரில் சேர்ந்து பாசிக்கு உரம் ஆனது. நிறுத்திவிட்டோம். சீழ்க்கைச் சிறகி என்ற காட்டு வாத்துகளும், குளிர்காலத்தில் வரும் நீர்க்காகங்களும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. நீர்க்காகம் தினம் ஒரு பவுண்டு மீன் தின்னும் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அதற்கு இந்த நிறுவனம் மரக்கிளைக் கட்டுகளைத் தண்ணீரில் இறக்கி மீன் ஒளிய இடம் செய்துகொடுத்தது. யாருக்கும் பாதகமில்லாத வழி.

குறைகள் இன்னும் இரண்டு. கம்ப்ரஸர் பெட்டியை ஒருவர் படுக்கையறைக்கு அருகிலேயே வைத்துவிட்டு, நகர்த்த மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியம், சனி ஞாயிறில் போனை எடுக்க ஆள் இல்லை. மீன் செவ்வாய்க்கிழமை பார்த்துச் சாவதில்லை.

மாதம் 780 டாலர். ஏரேட்டர், கூண்டு எல்லாம் தனி. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஓட்டுப் போட்டுவிட்டோம். வார இறுதியிலும் அவசர அழைப்பை எடுக்க வேண்டும் என்ற வரியை இந்த முறை எழுத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒப்புக்கொண்டு கையெழுத்து வந்த பிறகுதான் முதல் காசோலை போகும்.