மைன்ஸ்வீப்பரா, நோனோகிராமா: தொடங்குபவருக்கு ஏற்றது எது?

கட்டங்களை வைத்துத் தர்க்கத்தால் விடை காணும் கணினி விளையாட்டைப் புதிதாகக் கற்க விரும்புபவர் முன் பெரும்பாலும் வந்து நிற்பவை மைன்ஸ்வீப்பரும் நோனோகிராமும்தான். (சுடோகுவுக்குக் காகிதமும் பென்சிலுமே போதும் என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.) இரண்டில் எது எளிது என்று கேட்கும் முன், நாம் செய்யும் தவறு நமக்கு எதைக் கற்றுத்தருகிறது என்று பார்க்க வேண்டும்.

1992இல் விண்டோஸ் 3.1உடன் வந்து வீட்டுக் கணினிகளில் பரவிய மைன்ஸ்வீப்பரில் வெடியில்லாத கட்டங்களை எல்லாம் திறந்து முடிக்க வேண்டும்; திறந்த கட்டத்தில் தெரியும் எண், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை கண்ணிவெடிகள் உள்ளன என்பதைக் குறிக்கும். மூடிய கட்டங்கள் ஒரே வரிசையாக நிற்க, மற்ற பக்கமெல்லாம் திறந்திருக்க, அவற்றை ஒட்டி 1, 2, 1 என்று மூன்று எண்கள் தெரிவதாகக் கொள்வோம். 2க்கு நேர் எதிர்க் கட்டத்தில் வெடி இருந்தால் இருபுறத்து 1களின் கணக்கும் அதோடு தீர்ந்துவிடும். பிறகு 2க்கு வேண்டிய இன்னொரு வெடிக்கு இடமே இராது. ஆகவே அந்தக் கட்டம் பாதுகாப்பானது. வெடிகள் இருப்பது 1களுக்கு எதிரே. இதை யாரும் சொல்லித் தராமல் தாமே கண்டுகொள்பவருக்கு அதன்பின் விளையாட்டே வேறாகத் தெரியும்.

ஆனால் 30×16 கட்டங்களில் 99 வெடிகள் ஒளிந்திருக்கும் கடின நிலையில், கடைசியில் இரண்டு கட்டங்கள் மட்டும் மிஞ்சி, எந்த எண்ணைக் கொண்டும் அவற்றைப் பிரித்தறிய முடியாமல் போவதுண்டு. அங்கே வெடித்தால், பிழை நம் சிந்தனையிலா அதிர்ஷ்டத்திலா என்பது புதியவருக்கு விளங்காது. தர்க்கம் கைகொடுக்கும் இடத்திலும் குருட்டாம்போக்கில் கிளிக் செய்யும் பழக்கம் இங்கிருந்துதான் தொற்றுகிறது என்பது என் மனக்குறை.

1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் தோன்றிய நோனோகிராமில், முறையாக அமைத்த புதிருக்கு ஒரே விடைதான்; ஊகத்துக்கு வேலையில்லை. வரிசையின் ஓரத்து எண்கள், அதில் தொடர்ந்து கருப்பாக்க வேண்டிய கட்டத் தொகுதிகளின் நீளங்கள்; தொகுதிகளுக்கிடையே ஒரு கட்டமாவது வெறுமையாக இருக்கும். பத்துக் கட்ட வரிசையின் ஓரத்தில் 3, 4 என்று இருந்தால், முதலில் இரண்டு தொகுதிகளையும் இடக்கோடி வரை தள்ளியும், பிறகு வலக்கோடி வரை தள்ளியும் பார்க்க வேண்டும். இரு நிலைகளிலும் அதே தொகுதிக்குள் விழும் 3, 7, 8ஆம் கட்டங்களைத் தயங்காமல் கருப்பாக்கலாம். குறை என்னவென்றால், இரண்டாம் வரிசையில் செய்த பிழை ஒன்பதாம் வரிசையில்தான் முரண்பாடாக முளைக்கும். எங்கே தவறினோம் என்று அதற்குள் மறந்திருக்கும்.

தவறு உடனே தெரியவும் வேண்டும், அது நம்முடையதாகவே இருக்கவும் வேண்டும் என்றால், வேறு கணினிகளோடு தொலைவிலிருந்து இணைய உதவும் புட்டி (PuTTY) மென்பொருளை எழுதிய சைமன் டேத்தமின் இலவசப் புதிர்த் தொகுப்பில் உள்ள, மைன்ஸ்வீப்பரின் வடிவமான மைன்ஸை நான் பரிந்துரைப்பேன். முதலில் திறக்கும் கட்டத்தில் வெடி இராது. ஊகிக்காமலே முழுவதையும் தீர்க்கும்படியே அது கட்டங்களை அமைக்கிறது. வெடித்தாலும் அந்த நகர்வைத் திரும்பப் பெற்றுத் தொடரலாம். எத்தனை முறை வெடித்தது என்ற எண்ணிக்கை மட்டும் திரையில் நிற்கும். 9×9இல் 10 வெடிகளோடு தொடங்கி, அந்த எண்ணிக்கை தொடர்ந்து சுழியமாகவே இருக்கும் வரை ஆடியபின், அதே 9×9 அளவில் 35 வெடிகள் கொண்ட நிலைக்குச் செல்லுங்கள். நோனோகிராம் வேண்டுவோருக்கும் அதே தொகுப்பில் பேட்டர்ன் என்ற பெயரில் அது இருக்கிறது.