உயிலா, செட்டில்மெண்டா? நெல்லைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, வீரவநல்லூரிலோ சேரன்மகாதேவியிலோ சொந்த வீடு, பாங்கில் டெபாசிட், பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். இப்படிப்பட்ட குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். உயில் எழுதினால் பிள்ளைகள் புரோபேட்டுக்காக, அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்றுக்காக, அலைய வேண்டுமாமே என்று பயந்து, இருக்கிற வீட்டையே மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம், எழுதிவிடுகிற அண்ணாச்சிகளைப் பார்க்கிறேன். மனது பதறுகிறது.

அந்தப் பயம் இங்கே தேவையில்லை. இந்துக்களின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்ற விதி சென்னை, மும்பை நகரங்களையும் வங்காளத்தையும் ஒட்டியே இருந்தது. திருநெல்வேலியில் எழுதிய, திருநெல்வேலிச் சொத்துக்கான உயிலை அது தொட்டதில்லை. கிறிஸ்தவர்களுக்கும் 2002-ல் வந்த திருத்தத்தோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது.

உயிலுக்கு உண்மையான ஆபத்து சாட்சிகளிடம்தான் இருக்கிறது. யாராவது வழக்குப் போட்டால், கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். உயிலைப் பதிவு செய்திருந்தாலும் இதில் விலக்கு இல்லை. எழுபது வயதுக்காரர் தன் வயதுத் தோழர்களையே சாட்சியாக வைத்தால் நாளைக்கு யார் வருவார்? உள்ளூரிலேயே இருக்கிற, வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாகப் பாருங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். மனம் மாறினால் எத்தனை தடவையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

செட்டில்மெண்டின் பலமும் பெரியது. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே பட்டா மாறும், வில்லங்கச் சான்றில் ஏறும், பிறகு பெரும்பாலும் சாட்சியைத் தேட வேண்டாம். பிள்ளைகளுக்கு எழுதினால் முத்திரைத்தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம்; 2023 ஜூலையில் உயர்த்தியபடி உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். ஆனால் எழுதிக் கொடுத்ததைத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. 2007-ன் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் முறையிட வழி உண்டு. அதற்கு, என்னைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக இருப்பது நல்லது. இல்லையென்றால் நிரூபிப்பதிலேயே காலம் போய்விடும்.

ஆகவே என் கருத்து இது: குடியிருக்கிற வீட்டுக்கு உயில். ஒரு பிள்ளையே பார்த்துவரும் வயலுக்கு, ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு செட்டில்மெண்ட். அப்படி உரிமையை நிறுத்திவைத்தாலும் பத்திரம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லியிருக்கிறது.

இரண்டுக்கும் முன்னால் சொத்து உங்களுக்கு எப்படி வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரத்தைப் பாருங்கள். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தென்றால் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. முழுவதையும் ஒருவருக்கே எழுத உங்களுக்கு உரிமை இல்லை, பாகப்பிரிவினைதான் நேர்வழி. மேலப்பாளையம் முஸ்லிம் குடும்பங்களில், வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

பாங்க் டெபாசிட்டில் நாமினி போட்டாயிற்று, அது போதும் என்று இருந்துவிட வேண்டாம். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர், வாரிசுகளின் உரிமை அப்படியே நிற்கும். உயிலில் டெபாசிட்டுக்கும் ஒரு பத்தி எழுதி, நாமினி பெயரும் அதில் வரும் பெயரும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.