கிராக் விண்டோஸா, உரிமம் உள்ள விண்டோஸா, லினக்ஸா? ராமநாதபுரம் கரையோரக் கணினிகளுக்கு ஓர் அலசல்

இயங்குதளங்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் காசு கொடுத்து வாங்கும் விண்டோஸும் மேக்கும், மறுபக்கம் இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற லினக்ஸ். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையில் வீடுகளிலும் கடைகளிலும் உள்ள கணினிகளைத் திறந்து பார்த்தால் இந்தப் பிரிவு பொருந்துவதில்லை. நான் பார்த்தவரை இங்கே அதிகம் ஓடுவது மூன்றாவது ஒன்று: கடையில் சில நூறு ரூபாய்க்கு ஃபார்மட் போட்டு, உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் ஆக்டிவேட்டர் நிரலை ஓட்டி, "ஆபீஸும் சேர்த்துப் போட்டாச்சுண்ணே" என்று கையில் கொடுக்கும் கிராக் விண்டோஸ்.

அதனால் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராக் மூன்றிலும் மோசம். உரிமம் உள்ள விண்டோஸ் சில தொழில்களுக்குத் தவிர்க்க முடியாதது. மற்றவர்களுக்கு லினக்ஸ் போதும். நம் ஊர்ச் சூழலில் பல இடங்களில் அதுவே மேல்.

கிராக்கில் என்ன கெட்டுவிடும்?

ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாத ஒரு நிரலுக்கு, கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறோம். அப்புறம், ஆக்டிவேஷன் போய்விடும் என்ற பயத்தில் அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க வான்னாக்ரை பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளை அனுப்பும் பணத்துக்கான வங்கிக் கடவுச்சொல், பாஸ்போர்ட் நகல், கல்யாண ஆல்பம் எல்லாம் இருக்கிற பெட்டிக்கு இந்தக் காவல் எப்படிப் போதும்?

இதில் என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு விண்டோஸுடன் விற்கப்பட்ட பெரும்பாலான லேப்டாப்களில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இலவசமாக இறக்கி, அதே ஹோம் பதிப்பைத் திரும்பப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். வாங்கும்போதே விலையில் சேர்த்து அந்த உரிமத்துக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. கடையில் அதை அழித்துவிட்டு கிராக் செய்த புரோ பதிப்பைப் போடும்போது, நம்முடைய சொந்தப் பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருட்டுப் பொருளை வாங்கிக்கொள்கிறோம். அடுத்த முறை ஃபார்மட்டுக்குக் கொடுக்கும்போது "வந்த ஹோம் பதிப்பையே போடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எம்எஸ் ஆபீஸ் மட்டும் தனி உரிமம். அது மதர்போர்டில் வராது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை செயலி வேண்டும். 2018-க்கு முன் வாங்கிய லேப்டாப்களில் பெரும்பாலானவை இதில் தேறாது. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

உரிமம் உள்ளவர்களுக்கு ஒரு சிறு அவகாசம் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால், அல்லது 30 டாலர் கட்டினால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அவகாசம் மட்டும்தான், தீர்வு இல்லை. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைக் காயலான் கடைக்குக் கொடுப்பதற்குப் பதில் அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடலாம். மின்ட் 22-க்கும் இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 24.04-க்கும் 2029 வரை அப்டேட் உண்டு. மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 2 ஜிபி ராமிலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் எந்த இயங்குதளமானாலும் வேகம் கூடும். செலவு செய்ய முடிந்தால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

விண்டோஸை விடக் கூடாதவர்கள்

"லினக்ஸ்ல டேலி ஓடுமா காக்கா?" கீழக்கரைக் கடைத்தெருவில் லினக்ஸ் பேச்சை எடுத்தால் வருகிற முதல் கேள்வி இதுதான். நேரான பதில்: அதற்கு விண்டோஸையே வைத்துக்கொள்ளுங்கள். டேலி என்ற அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் வைன் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் அந்தப் பரிசோதனை யாருக்கும் வேண்டாம்.

இ-சேவை மையமும் அப்படித்தான். ஆதார் கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருளைத் தயாரிப்பாளர்கள் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் மனதில் வைத்தே தருகிறார்கள். ஆடிட்டர் அலுவலகங்களில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் விண்டோஸில்தான் சிரமமில்லாமல் வேலை செய்யும். ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்களுக்கு கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் தொழில் கருவி. இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் நல்ல மென்பொருள்கள், புதிதாகக் கற்பவருக்கு நான் தாராளமாகச் சொல்வேன். ஆனால் பத்து வருடக் கோரல் கோப்புகளை வைத்திருக்கும் அச்சகத்தை அவற்றுக்கு மாறச் சொல்வது நியாயமில்லை.

இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் உரிமத்தைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். சம்பாதித்துக் கொடுக்கும் கருவி அது. ஊர் மக்களின் ஆதார் எண்ணும் கைரேகையும் கடந்து போகிற கணினியில் கிராக் இருப்பது சொந்த வீட்டுப் பிரச்சினையாக நின்றுவிடாது.

லினக்ஸ் போதுமானவர்கள்

ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துபவரின் வேலையைப் பாருங்கள். முன்பதிவு தளங்கள், மின்னஞ்சல், ஜிபே கணக்கு சரிபார்ப்பு, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரப் படிவம் (முன்பு சி படிவம் எனப்பட்டது). எல்லாமே பிரவுசருக்குள் முடிகிறது. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் லினக்ஸிலும் அதேதான். பாஸ்போர்ட் விண்ணப்பம், ரயில் டிக்கெட், போட்டித் தேர்வுக்கான பிடிஎஃப், பாட வீடியோ, பேரப்பிள்ளையோடு வீடியோ கால் என்று வீட்டுத் தேவைகளும் அப்படியே.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கிற கணினிக்கு லினக்ஸ் இன்னும் பொருத்தம். நாள் முழுக்க யார் யாருடைய பென் டிரைவோ சொருகப்படும் கணினி அது. ஃபோல்டர்களை மறைத்து ஷார்ட்கட்டாக மாற்றிக் காட்டும் வைரஸ்கள் விண்டோஸை நம்பி எழுதப்பட்டவை. லினக்ஸில் அவை ஓடாது. மறைந்த ஃபோல்டரைத் திறந்து கோப்பை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் பிரிண்டரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எச்பி பிரிண்டர்களுக்கு எச்பிலிப் (HPLIP) என்ற மென்பொருளை அந்த நிறுவனமே லினக்ஸுக்குத் தருகிறது. லேசர்ஜெட் 1020 போன்ற சில பழைய மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிளகின் இறக்க வேண்டும். மை நிரப்பும் எப்சன் எல் வரிசை நன்றாக வேலை செய்யும். பல கடைகளில் உழைத்துக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் மல்லுக்கட்ட வைக்கும். அது இருந்தால் விண்டோஸிலேயே இருங்கள்.

எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். கடிதம், பில், சாதாரணக் கணக்குத் தாளுக்குத் தாராளம். மேக்ரோ வைத்த எக்செல் கோப்பு பெரும்பாலும் தகராறு செய்யும், நெருக்கமாக வடிவமைத்த வேர்ட் கோப்பில் வரிகள் நகரும். ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு எம்எஸ் ஆபீஸின் மெனுவே கைப்பழக்கமாக வேண்டும், அங்கே லினக்ஸைத் திணிக்காதீர்கள். விளையாட்டுப் பிரியர்களுக்கு: ஸ்டீமில் உள்ள நிறைய விளையாட்டுகள் ஓடும், வேலரன்ட் ஓடாது.

தமிழில் எழுதுவது

இதில் இரண்டு பக்கமும் இப்போது கிட்டத்தட்ட சமம். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் வந்தது. இன்று விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. லினக்ஸில் ஐபஸ் எம்17என் என்ற பொதியைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை என்று எது பழக்கமோ அதை எடுத்துக்கொள்ளலாம். தட்டச்சு நிலையத்தில் கற்றவர்களுக்கு இந்தக் கடைசி முறை பெரிய ஆறுதல்.

சிக்கல் பழைய கோப்புகளில். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டபோதும், வானவில் அவ்வையார், பாமினி எழுத்துருக்களில் அடித்த மனுக்களும் பத்திரங்களும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில், விண்டோஸானாலும் லினக்ஸானாலும், அவை புரியாத குறிகளாகவே தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவிப் படிக்கலாம். அதே எழுத்துருவில் புதிதாக அடிக்க உதவும் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸுக்கானவை. ஆவண எழுத்தர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

உப்புக்காற்றும் ஹாட்ஸ்பாட்டும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் போன்ற இடங்களில் யுஎஸ்பி வாய்களும் போர்டும் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். இங்கே கணினியின் ஆயுள் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களை விடக் குறைவு. லேப்டாப்புடன் வந்த விண்டோஸ் உரிமம் அந்த போர்டோடு கட்டப்பட்டது. போர்டு போனால் உரிமமும் போகும். லினக்ஸ் போட்ட எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழுந்து ஓடும். நகரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. கடலோரத்தில் இதன் அருமை தெரியும்.

இன்னொன்று டேட்டா. போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில் விண்டோஸ் பின்னணியில் அப்டேட்டை இறக்கி, அன்றைய டேட்டாவை முடித்துவிடும். விண்டோஸிலேயே இருப்பவர்கள் அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும். மின்ட் அப்டேட் இருப்பதைக் காட்டிவிட்டு நாம் அனுமதிக்கும் வரை பொறுத்திருக்கும். அதே சமயம் சில பிராட்காம், ரியல்டெக் வைஃபை சிப்கள் லினக்ஸில் உடனே வேலை செய்யாது. அப்போது ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டு, தேவையான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். அந்த ஆண்ட்ராய்டும் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ் கருவின் மேல் ஓடுவதுதான். அலை உயரம் பார்க்கிற மீனவர் கையிலும் லினக்ஸ் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

மேக் நல்ல கணினி. ஆப்பிள் விற்கும் பெட்டியில் மட்டும் ஓடும், விலை அதிகம், பழுதானால் இந்தப் பக்கம் ஆள் கிடைப்பது கடினம். கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பழைய கணினியில் இலவசமாகப் போடலாம். இணையம் இல்லாத நேரத்தில் அது பாதிக் கணினி.

கேட்க ஆள் இருக்கிறதா?

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் அது. பல பிள்ளைகள் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடையில் கொடுத்து அழித்துவிட்டு அந்த இடத்தில் படங்களை நிரப்பினார்கள். பக்கத்தில் கேரளத்தில் 2000-களிலேயே பள்ளிக் கணினிப் பாடத்தையும் செய்முறைத் தேர்வையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்தது இரண்டு இடத்திலும் லினக்ஸ்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த இடத்தில் அது நின்றது.

ஆகவே மாறுவதற்கு முன் உங்கள் தெருவிலோ கல்லூரியிலோ லினக்ஸ் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் தயங்க வேண்டாம். இல்லாவிட்டாலும் சோதித்துப் பார்க்கச் செலவு ஒன்றுமில்லை. மின்ட்டை ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற நிரல் வழியாக எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர், தமிழ் ஐந்தையும் அதிலேயே சரிபாருங்கள்.

எல்லாம் சரி என்றால், நிறுவுவதற்கு முன் கோப்புகளை வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதிய லேப்டாப்களில் அந்தப் பூட்டு கேட்காமலே போடப்பட்டிருக்கும், லினக்ஸ் நிறுவிய பிறகு விண்டோஸ் திறக்க அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.