விளம்பரமா, எஸ்இஓவா, சந்தைத்தளமா? சிறு இணையக் கடைக்கு எது முதலில்?

கடையைத் திறந்தாயிற்று. படங்களை ஏற்றி, பணம் செலுத்தும் வசதியையும் இணைத்தாயிற்று. கூகுளில் கடைப் பெயரை முழுதாகத் தட்டினால் வருகிறது. விற்கும் பொருளைத் தட்டினால் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தும் காணோம். இந்த நேரம் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: விளம்பரம் கொடுங்கள், எஸ்இஓ (தேடலில் பக்கம் மேலே வரும்படி தளத்தைச் சீர்செய்வது) செய்யுங்கள், பல கடைகள் ஒரே இடத்தில் விற்கும் பெரிய சந்தைத்தளத்தில் சேருங்கள், பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) வாங்குங்கள். அத்தனையையும் ஒன்றாகச் செய்யச் சின்னக் கடையிடம் ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தால் போதும்.

பேச்சுக்கு ஊற்றுப்பேனாவும் மையும் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் நடத்துகிறார்கள், 200 பொருள்கள் இருக்கின்றன.

விளம்பரமும் இயல்பான தேடலும்

கூகுளின் தேடல் விளம்பரம் 2000 முதல் இருக்கிறது. இன்று பணம் கட்டினால் அநேகமாக இன்றோ நாளையோ கடை மேலே தெரியும். அந்த வேகம் வேறு எதிலும் கிடையாது. ஆனால் பணம் நின்ற நிமிடமே கடையும் மறைந்துவிடும். விளம்பரம் கொடுத்தால், பணம் கட்டாமல் வரும் இயல்பான தேடல் முடிவுகளிலும் இடம் உயரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை, இரண்டும் தனித்தனி என்று கூகுளே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

விளம்பரத்தில் இறங்குமுன் ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஒரு பேனா விற்றால் கையில் நிற்கும் லாபம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பேர் கிளிக் செய்து உள்ளே வந்தால் ஒருவர் வாங்குகிறார். அப்படியானால் ஒரு கிளிக்குக்கு 2 கொடுத்தால் முதலுக்கும் வரவுக்கும் சரியாகப் போய்விடும். லாபத்தில் பாதியாவது மிஞ்ச வேண்டுமென்றால் 1-க்கு மேல் கொடுக்க முடியாது. ‘பேனா’ என்ற பொதுச் சொல்லுக்குப் பெரிய கடைகளோடு விளம்பர இடத்துக்கு ஏலம் போட்டால் அந்த எல்லையைத் தாண்டிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. ‘இடது கையால் எழுதுபவர்களுக்குச் சீக்கிரம் காயும் மை’ என்பது போன்ற நீண்ட தேடலுக்குப் பெரும்பாலும் போட்டி குறைவு. ஏலத்தில் தொகையோடு, விளம்பரமும் அது கொண்டுசேர்க்கும் பக்கமும் தேடியவருக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதையும் கூகுள் பார்க்கிறது. அதனால் சரியான பக்கம் வைத்திருக்கும் சின்னக் கடை குறைந்த தொகையிலேயே மேலே வர முடியும்.

விற்பனையைவிட மதிப்புள்ள இன்னொன்றும் விளம்பரத்தில் கிடைக்கிறது. உங்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்தவர்கள் என்ன சொல் தட்டி வந்தார்கள் என்று அதன் அறிக்கை காட்டும். நீங்கள் ‘நுண்முனை’ என்று எழுதியிருப்பீர்கள். வாங்க வருபவர் ‘மெல்லிசா எழுதும் பேனா’ என்று தேடியிருப்பார். இது தெரிவதற்காகவே சின்னத் தொகையில் ஒரு மாதம் விளம்பரம் ஓட்டலாம். பழுது பார்ப்பது, இலவசம் என்று வேறு எதையோ தேடுபவர்களை விலக்கும் சொற்களை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தச் சின்னத் தொகையும் வீணாகிவிடும்.

இயல்பான தேடலுக்குப் பொறுமை வேண்டும். செய்த மாற்றங்களின் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பது கூகுள் தரப்பே சொன்ன கணக்கு. முதலிடம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கும் நிறுவனத்தை அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது.

பலர் கவனிக்காத மூன்றாம் வழி

தேடல் முடிவுகளில் பொருளின் படமும் விலையும் கடைப் பெயரும் சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். 2012 முதல் சில ஆண்டுகள் கூகுள் ஷாப்பிங் பகுதியில் இடம்பெறப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2020-ல் இலவசப் பட்டியலையும் திறந்துவிட்டார்கள். கடைகளுக்கான கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் கணக்கு தொடங்கி, பொருள்களின் பெயர், விலை, இருப்பு, படம் ஆகியவற்றைக் கோப்பாகக் கொடுத்தால், கிளிக்குக்குப் பணம் கட்டாமலே பொருள்கள் அங்கே வர வாய்ப்புண்டு. இந்த வசதி உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் சின்னக் கடை முதலில் செய்ய வேண்டியது இதுதான். 200 பொருளுக்கு இரண்டு மூன்று நாள் உழைப்பு. கடை மென்பொருள்கள் பலவும் இந்தக் கோப்பைத் தாமே தயாரித்து அனுப்பிவிடும். பார்கோடு எண் இருந்தால் கட்டாயம் கொடுங்கள், ஒரே பொருளை விற்கும் கடைகளை அந்த எண்ணை வைத்துத்தான் சேர்த்துப் பார்க்கிறார்கள். கையால் செய்த பொருளுக்கு அந்த எண் இருக்காது. இல்லை என்று குறிப்பிடவும் வழி இருக்கிறது. விலையையும் இருப்பையும் தவறாக மட்டும் விட்டுவிடாதீர்கள். கோப்பில் ஒரு விலையும் பக்கத்தில் வேறு விலையும் இருந்தால் பொருளை நிராகரித்துவிடுவார்கள்.

பொருள் பக்கமா, கட்டுரையா?

எஸ்இஓ என்றதும் ‘வாரம் ஒரு கட்டுரை எழுதுங்கள்’ என்பார்கள். ஊற்றுப்பேனாவின் வரலாறு, மை கண்டுபிடித்த கதை என்று எழுதித் தள்ளிக் களைத்துப்போன கடைக்காரர்கள் எத்தனையோ பேர். வரலாறு தேடி வருபவர் வாங்க வந்தவர் இல்லை. 2024 முதல் கூகுள் பல பொதுக் கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவால் முடிவுகளின் மேலேயே பதில் தந்துவிடுகிறது. பதில் அங்கேயே கிடைத்தபின் உங்கள் கட்டுரைக்குள் ஏன் வரப்போகிறார்?

அந்த நேரத்தைப் பொருள் பக்கங்களிலும் வகைப் பக்கங்களிலும் போடுங்கள் என்பேன். பல சின்னக் கடைகள் தோற்பது ஓர் இடத்தில்தான்: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அதே வரிகள் நூறு கடைகளில் இருந்தால் தேடுபொறி பெரும்பாலும் ஒன்றிரண்டைத்தான் காட்டும், அதில் நேற்றுத் திறந்த கடைக்கு இடம் கிடைப்பது அரிது. நீங்களோ அந்தப் பேனாவைக் கையில் பிடித்து எழுதிப் பார்த்தவர். மூடியைப் பின்னால் செருகினால் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த மை மெல்லிய தாளில் ஊறிப் பின்பக்கம் தெரிகிறது, எந்த முனை இடது கைக்காரருக்குக் கீறுகிறது என்பதெல்லாம் தயாரிப்பாளரின் தாளில் இருக்காது. வாடிக்கையாளர் மின்னஞ்சலில் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எடுத்து, பதிலோடு அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். 200 பொருளுக்கும் ஒரே மூச்சில் முடியாது. நன்றாக விற்கும் இருபதில் தொடங்குங்கள்.

‘இடது கைக்காரர்களுக்கான பேனாக்கள்’ என்று ஒரு வகைப் பக்கம், மேலே நான்கு வரி நேர்மையான அறிமுகம், கீழே பொருந்தும் எட்டுப் பேனாக்கள். பத்துக் கட்டுரை கொண்டுவராத ஆட்களை இப்படியொரு பக்கம் கொண்டுவரும், அதுவும் வாங்கும் எண்ணத்தோடு. நிறம், முனை, விலை என்று வடிகட்டும் வசதி வைத்திருந்தால், ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு முகவரி உண்டாகி 200 பொருள் ஆயிரக்கணக்கான பக்கங்களாகப் பெருகிவிடும். மூலப் பக்கம் எது என்று காட்டும் கனோனிக்கல் குறியை 2009-லேயே பெரிய தேடுபொறிகள் கூடிக் கொண்டுவந்தன. அது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பொருள் தற்காலிகமாகத் தீர்ந்துபோனால் பக்கத்தை நீக்க வேண்டாம். ‘இருப்பு இல்லை’ என்று குறித்து வைத்தால் சேர்த்த மதிப்பு அப்படியே நிற்கும். பக்கத்தின் நிரலுக்குள் மறைந்திருக்கும் கீவேர்டு மெட்டா குறியில் தேடல் சொற்களை அடுக்குவதில் ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

சந்தைத்தளம்

அமேசான், எட்ஸி போன்ற தளங்களைத் தேடுபொறிகள் நன்கு அறியும். அங்கே கடை போட்டால் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஈடாகக் கமிஷன் போகும், வாடிக்கையாளரும் உங்களுடையவராக ஆகமாட்டார். எழுத்து விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்கள் தளத்தில் அருமையாக எழுதிய விவரத்தை அங்கேயும் ஒட்டினால், உங்கள் எழுத்தை வைத்தே அவர்கள் பக்கம் உங்கள் பக்கத்துக்கு மேலே போய் உட்காரலாம். அங்கே சுருக்கமாக வேறு விவரம் எழுதுங்கள், முழு விவரமும் கேள்வி பதிலும் சொந்தத் தளத்தில் இருக்கட்டும். தொடக்க மாதங்களில் கையில் பணம் புரள வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து பொருளை மட்டும் அங்கே வைக்கலாம்.

விலைக்கு வாங்கும் பேக்லிங்க்

இது வேண்டவே வேண்டாம். பிற தளங்கள் தரும் இணைப்பைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்வது கூகுள் பிறந்த 1998-லிருந்து அதன் அடிப்படை யோசனை. அதனால்தான் இணைப்பை விற்கவும் ஆட்கள் முளைத்தார்கள். 2012-ல் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பெங்குயின் மாற்றம் அப்படி வாங்கிய தளங்களைக் கீழே தள்ளியது. இப்போது பெரும்பாலும் அந்த இணைப்புகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். தண்டனை வராவிட்டாலும் கட்டிய பணம் போனது போனதுதான். அதே பணத்தில் பேனா பற்றி எழுதும் நான்கு பேருக்கு மை மாதிரி அனுப்பி வையுங்கள். பிடித்திருந்தால் எழுதட்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும். இலவசமாகப் பொருள் வாங்கி எழுதும்போது இணைப்பில், இதைப் பரிந்துரையாக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ குறியைப் போடச் சொல்லுங்கள். தரவரிசைக்கு அது உதவாமல் போகலாம், ஆனால் அந்த வழியாக வருகிறவர் பேனாமேல் ஆசை உள்ளவர்.

என்ன வரிசை?

முதல் வாரம் இலவசப் பட்டியலும், தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கணக்கும், அதில் சைட்மேப்பும் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்). அடுத்து இருபது பொருள் பக்கங்கள், மூன்று வகைப் பக்கங்கள். கூடவே சின்னத் தொகையில் ஒரு மாத விளம்பரம். விளம்பர அறிக்கையில் விற்பனை தந்த சொற்களைப் பக்கத் தலைப்பிலும் விவரத்திலும் கொண்டுவாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, எட்டாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் நடுவில் தொங்கும் தேடல்களைப் பாருங்கள். அடுத்து எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று அவை சொல்லும். ஒரு சொல்லுக்கு உங்கள் பக்கம் தானாகவே முதல் மூன்றில் வந்து சில வாரம் நிலைத்து நின்றால், அந்தச் சொல்லுக்கான விளம்பரத்தைப் பதினைந்து நாள் நிறுத்திப் பாருங்கள். விற்பனை குறையவில்லையென்றால் அந்தத் தொகையை அடுத்த சொல்லுக்கு மாற்றலாம்.